பெரியாறு அணையைப் பார்க்க அய்யாவைக் கூட்டிப்போனேன்

எங்கள் வயலுக்கு வருவது பெரியாற்றுத் தண்ணீர், கேரள மலையில் இருக்கும் முல்லைப்பெரியாறு அணையிலிருந்து வருவது. மேலூருக்குக் கிழக்கே, கால்வாயின் கடைமடையில் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதற்கு இந்தப் பக்கம் எங்களுக்கெல்லாம் ஒருபோகம்தான். செப்டம்பர் வாக்கில் திறந்துவிட்டால் நடவு உண்டு. அணையில் தண்ணீர் இல்லை என்றால் அந்த வருஷம் நிலம் தரிசாகக் கிடக்கும். அதனால் பேப்பர் வந்ததும் அய்யா முதலில் தேடுவது நீர்மட்டம் போட்டிருக்கும் மூலையைத்தான். பெரியாறு இத்தனை அடி, வைகை இத்தனை அடி. கண்புரை ஆபரேஷன் முடிந்த மறுநாள்கூட என்னைக் கூப்பிட்டு அதை வாசிக்கச் சொன்னார். 76 வயதாகிறது. அந்த அணையை அவர் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை.

"கண்ண மூடுறதுக்குள்ள ஒருதரம் அந்தக் கட்டுமானத்தப் பாத்துரணும் தாயி" என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி சிங்கப்பூரில். என் வீட்டுக்காரருக்கு மாடு கன்றை விட்டுவிட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்க முடியாது. நான் மேலூரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். தீபாவளி போனஸில் மிச்சம் பிடித்தது 18,000 ரூபாய் இருந்தது. சரி, நாமே கூட்டிப்போவோம் என்று முடிவுசெய்தேன். நாளை அய்யாதான் குறித்தார். ஜனவரி 15, அணையைக் கட்டிய வெள்ளைக்கார இன்ஜினியர் பென்னிகுவிக்கின் பிறந்தநாள். அன்றைக்கு லோயர்கேம்பில் இருக்கும் அவருடைய மணிமண்டபத்தில் ஊர்ஊராக வந்து பொங்கல் வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். எங்களுக்கு முந்தின நாளே தைப்பொங்கல் முடிந்துவிட்டது. காலையில் மண்டபத்தில் பொங்கல், மத்தியானம் தேக்கடியில் படகு, படகிலிருந்து அணை, ராத்திரி குமுளியில் தங்கல், மறுநாள் வீடு. இதுதான் என் திட்டம். இதில் ஒன்றுகூட நினைத்தபடி நடக்கவில்லை. யாராவது ஒருவர் முன்பே சொல்லியிருந்தால் பாதிக் கஷ்டம் குறைந்திருக்கும். இதைப் படிக்கிறவர்களில் ஒருவராவது வயதான அப்பாவையோ அம்மாவையோ அங்கே கூட்டிப்போக நினைத்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

வாடகைக் காருக்கு டிரைவர் பேட்டாவோடு இரண்டு நாளைக்கு 8,500 பேசினேன். விடிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். மதுரை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய் தாண்டித் தேனிக்குப் போனபோது ஆறரை. அய்யா சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு ஒரு டீ மட்டும் குடித்தார். கம்பத்தில் இட்லி சாப்பிடலாம் என்றார். எட்டு மணிக்குக் கம்பம். அங்கே போலீஸ்காரர் கையை வலப்பக்கம் காட்டினார். டிரைவர் தம்பி திருப்பிவிட்டார். ஏன், எங்கே என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அது கம்பம்மெட்டுச் சாலை. முந்தின நாள் சாயங்காலம்தான் சபரிமலையில் மகரஜோதி. பார்த்துவிட்டுத் திரும்பும் வண்டிகள் அத்தனையும் குமுளி மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தன. அந்த சீசனில் இறங்குகிற வண்டிக்குக் குமுளிப் பாதை, ஏறுகிற வண்டியைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். தேனி ஜில்லாக்காரர்களுக்கு இது பிறந்ததிலிருந்து தெரிந்த சங்கதி. எனக்குத் தெரியவில்லை. லோயர்கேம்ப் இருப்பதோ கூடலூரைத் தாண்டிக் குமுளி மலை ஏறுகிற அடிவாரத்தில். அதாவது கம்பத்தில் வலப்பக்கம் திரும்பிய அந்த நிமிஷமே மணிமண்டபமும் பொங்கலும் எங்கள் கையை விட்டுப் போய்விட்டன. "சார், நாங்க மலை ஏறல, லோயர்கேம்ப் வரைக்கும்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார் என்று பிறகு பலபேர் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையை நினைத்து நான் எத்தனை நாள் வருத்தப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

கொண்டை ஊசி வளைவு ஒன்றில் லாரி ஒன்று பழுதாகி நின்றது. முன்னாலும் நகர முடியாது, பின்னாலும் போக முடியாது. அய்யாவுக்கு அடிக்கடி சிறுநீர் போகவேண்டும். ரோட்டோரம் மூன்று தடவை கையைப் பிடித்து இறக்கி, முந்தானையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாவது தடவை ஏறும்போது அவர் கை நடுங்கியது, நெற்றியில் குளிர்ந்த வேர்வை. மாத்திரை போட்டிருக்கிறார், வயிற்றில் டீயைத் தவிர ஒன்றுமில்லை. என் பையில் மாற்றுத்துணி இருந்தது, கம்பளி இருந்தது, தின்பதற்கு ஒரு பிஸ்கட் பொட்டலம்கூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பின்னால் நின்ற வேனிலிருந்து மாலை போட்ட ஒரு சாமி ஓடிவந்து இரண்டு வாழைப்பழமும் குளுக்கோஸ் தண்ணீரும் கொடுத்தார். கால்மணி நேரத்தில் அய்யா தெளிந்தார். அந்தச் சாமி எந்த ஊர் என்றுகூடக் கேட்க முடியவில்லை. சர்க்கரை உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு மலை ஏறுகிறவர்கள் பழம், கடலை மிட்டாய், கட்டுச்சோறு எதையாவது மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், வண்டியின் டிக்கியில் வைக்காதீர்கள். மாத்திரையைச் சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்த பிறகு கொடுங்கள். இடையில் கேரளப் பெர்மிட் பிரச்சினை வேறு. எங்கள் டிரைவர் எடுத்து வைக்கவில்லை. அதை எடுக்க அரைமணி நேரம், பணமும் நான்தான் கொடுத்தேன். வண்டி பேசும்போதே "கேரளாவுக்குள் போகப் பெர்மிட் இருக்கா, அந்தக் காசு யாரோடது" என்று கேட்டுவிடுங்கள்.

கம்பத்திலிருந்து முக்கால் மணி நேரத்தில் போகவேண்டிய குமுளிக்கு மத்தியானம் ஒன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மற்ற நாளில் 1,200 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று சொல்லப்பட்ட ரூமுக்கு 3,600 கேட்டார்கள். அய்யாவைப் படுக்கவைத்தால் போதும் என்று கொடுத்தேன். படகுக்கு அன்றைக்கு டிக்கெட் தீர்ந்திருந்தது. கார்த்திகை முதல் தேதியிலிருந்து தை முதல் வாரம் வரைக்கும், வேறு வேலை இல்லாமல் ஊர் பார்க்க மட்டும் போகிறவர்கள் குமுளிப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. பிறந்தநாள் பொங்கல்தான் முக்கியம் என்றால் முந்தின நாளே கூடலூரிலோ கம்பத்திலோ தங்கி, காலையில் மண்டபத்தை மட்டும் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுங்கள். மலை ஏறாதீர்கள்.

படகு இல்லை என்று நான் முகம் வாடி நிற்பதைப் பார்த்து ஒரு ஜீப்காரர் வந்தார். நல்ல தமிழ். "டேம் பாக்கணுமாக்கா? படகுல போனா தெரியாது. நான் ரோட்டு வழியா கூட்டிட்டுப் போறேன், கிட்டப் போயிரலாம்." 3,000 ரூபாய், முன்பணமாக முழுவதும். படகில் போனால் அணை தெரியாது என்று அவர் சொன்னது உண்மைதான். அந்த ஒரு உண்மையை நம்பி மற்றதையும் நம்பிவிட்டேன்.

வண்டிப்பெரியாறு வழியாகப் போனோம். ஊருக்குள் ஆற்றுப்பாலம் வந்ததும் ஜீப்காரர், "இதான் பெரியாறு" என்றார். அய்யா நிறுத்தச் சொன்னார். இறங்கிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்த்தார். கீழே பாறையும் மணலும் புல்லும். நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதுவா பெரியாறு? நம்ம கால்வாய் இதவிடப் பெருசா ஓடுதே" என்றார். எனக்கும் அப்போது புரியவில்லை. மேலே கட்டி நிறுத்தி எங்கள் பக்கம் திருப்பிவிட்ட பிறகு, அணைக்குக் கீழே இந்த ஆறு மழைக்காலத்தையும் உபரி திறக்கும் நாளையும் தவிர இப்படித்தான் கிடக்கும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

அங்கிருந்து வல்லக்கடவு. வனச் சோதனைச்சாவடியில் கம்பு குறுக்கே கிடந்தது. காவலர் வந்து அனுமதிச்சீட்டு கேட்டார். ஜீப்காரர் இறங்கிப் போய்ப் பேசினார், திரும்பி வந்து "ஆபீசர் மாறிட்டாங்க" என்றார். நான் காவலரிடம் நேரே போய்க் கேட்டேன். அவர் மலையாளமும் தமிழும் கலந்து, மரியாதையாகத்தான் சொன்னார். பொதுமக்களை விடுவதே இல்லை, வேலையாகப் போகிற அதிகாரிகளும் பணியாளர்களும் மட்டும்தான், இது புலிகள் காப்பகத்தின் உள்காடு. அய்யா அந்தக் கம்பைக் கையால் தொட்டுக்கொண்டு உள்ளே போகும் மண்பாதையைப் பார்த்தபடி நின்றார். "இன்னும் எவ்வளவு தூரம் சார்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் காவலர் தன் நாற்காலியை எடுத்துவந்து அவரை உட்காரவைத்தார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு தோல்வியை நான் உணர்ந்ததில்லை. கூட்டிவந்து வாசலில் நிற்கவைத்துவிட்டேனே என்று இருந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். டீசல் ஆகிவிட்டது என்றார். "வியூ பாயின்ட் ஒண்ணு இருக்கு, அங்கேருந்து டேம் தெரியும்" என்று அடுத்த கதையை ஆரம்பித்தார். அய்யா வேண்டாம் என்று தலையாட்டினார். ஜீப்போ காரோ பேசும்போது என்ன காட்டுவார்கள் என்பதை ஊர்ப்பெயரோடு சொல்லச் சொல்லுங்கள். பாதிப் பணத்துக்கு மேல் முன்னால் கொடுக்காதீர்கள். வண்டி எண்ணைக் கிளம்புவதற்கு முன்பே போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, முல்லைப்பெரியாறு அணையைக் காட்டுகிறேன் என்று யார் சொன்னாலும் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். ரோடு வழியும் இல்லை, படகு வழியும் இல்லை. தமிழ்நாட்டுப் பொறியாளர்கள் தேக்கடியிலிருந்து தனிப்படகில் போய்ப் பார்த்துவருகிறார்கள். சுற்றுலாப் படகு அந்தப் பக்கம் போவதே கிடையாது, பாதி ஏரியிலேயே திரும்பிவிடும். இது தெரியாமல் படகில் ஏறி, அணை வரும் வரும் என்று கடைசிவரை காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர்.

கொஞ்ச தூரத்தில் ஒரு டீக்கடை. அய்யாவுக்கு எதையாவது சூடாகக் கொடுக்கலாம் என்று நிறுத்தச் சொன்னேன். கடைக்காரருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும், தமிழர். "எந்த ஊரு அய்யா?" என்று கேட்டார். மேலூர் என்றதும் சிரித்தார். "எங்க தண்ணி குடிக்கிற ஊரு." அவருடைய தாத்தா உத்தமபாளையம் பக்கத்திலிருந்து கங்காணியோடு மலையேறி எஸ்டேட்டுக்கு வந்தவராம். மூன்று தலைமுறை லயத்தில், அதாவது எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்து, தேயிலை எடுத்து, இவர் ரிட்டயர் ஆகிக் கடை போட்டிருக்கிறார். அய்யாவுக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. இரண்டு பேரும் பேசப் பேச நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

அய்யாவுக்கு ஒரு பக்கத்துக் கதை நன்றாகத் தெரியும். 1876-லிருந்து 78 வரை தாது வருஷப் பஞ்சத்தில் எங்கள் பக்கத்து ஜனங்கள் செத்து விழுந்ததை அவருடைய பாட்டனார் சொல்லக் கேட்டவர். அதற்கும் முன்னால் 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்து இருளப்பப் பிள்ளை இந்த மலைக்கு ஆள் அனுப்பித் தண்ணீரைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று பார்த்துவரச் சொன்னதும், பணமில்லாமல் அது நின்றுபோனதும், 1808-ல் கால்டுவெல் என்ற வெள்ளைக்கார அதிகாரி இது நடக்காத காரியம் என்று எழுதிவைத்ததும் அவருக்கு மனப்பாடம். அணை வேலை 1887-ல் தொடங்கியது. வெள்ளம் அடித்துப் போனதைத் திரும்பத் திரும்பக் கட்டினார்கள். காய்ச்சலிலும் காலராவிலும் விழுந்தவர்களைக் காட்டிலேயே புதைத்தார்கள். சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும் குழைத்துக் கல் அடுக்கி எழுப்பி, மலைக்குள் ஒரு மைலுக்கும் அதிகமான நீளத்துக்குச் சுரங்கம் குடைந்து, 1895 அக்டோபர் 10-ல் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். மேற்கே கடலுக்குப் போன ஆறு கிழக்கே எங்கள் வயலுக்கு வந்தது. அய்யா இதைச் சொல்லும்போது அவர் குரலே வேறாக இருக்கும். பென்னிகுவிக் சீமையில் இருந்த சொத்தையெல்லாம் விற்றுக் கட்டினார் என்பதும் அவர் சொல்லும் கதையில் ஒரு பகுதி. அது எங்கள் பக்கம் வாய்வழியாக வந்தது. கட்டுமானச் செலவு சென்னை மாகாண அரசாங்கத்தினுடையது. அதைச் சொல்லி அய்யாவிடம் நான் வாதாடியதில்லை. விற்றாரோ இல்லையோ, அத்தனை வருஷம் அந்தக் காட்டில் காய்ச்சலோடு கிடந்து கட்டி முடித்தார். எனக்கு அது போதும்.

டீக்கடை அண்ணன் மறுபக்கத்துக் கதையைச் சொன்னார். 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் மகாராஜாவோடு எழுதின குத்தகை, 999 வருஷத்துக்கு, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் ஐந்து ரூபாய். 1970-ல் அதை முப்பது ரூபாயாக்கினார்கள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அந்தக் கணக்கைப் பேசித்தான் வளர்கிறார்கள் என்றார். 1979-ல் அணை தாங்குமா என்று பயம் வந்து நீர்மட்டத்தை 152 அடியிலிருந்து 136-க்குக் குறைத்தார்கள். பிறகு அணைக்கு மேலே கான்கிரீட் போட்டு, இரும்புக் கம்பிகளை நங்கூரமாக இறக்கி, பின்பக்கம் கான்கிரீட் சுவர் வைத்துப் பலப்படுத்தினார்கள். 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் 142 வரை தேக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அய்யா அன்றைக்குத் தெருவில் மிட்டாய் கொடுத்தது எனக்கு நினைவிருக்கிறது. அதை அய்யாவே அவரிடம் சொன்னார். அவர் கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டு, "நாங்க அணைக்குக் கீழ இருக்குற மொத ஊரு அய்யா" என்றார்.

2011-ல் இடுக்கிப் பக்கம் அடிக்கடி லேசாக நிலம் அதிர்ந்தபோது, மாதக்கணக்கில் துணிமூட்டையைக் கட்டி வாசலில் வைத்துக்கொண்டுதான் தூங்கினோம் என்றார். அதே வருஷம் டிசம்பரில் அணைத் தகராறில் கலவரம் வந்து எல்லையை மூடியபோது, இங்கே தமிழன் என்று பயம், அந்தப் பக்கம் போனால் கேரளாக்காரன் என்று பயம். அவருடைய மகள் கம்பத்தில் பிரசவத்துக்குப் போயிருந்தாள், பேரனைப் பார்க்கவே ஒன்றரை மாதமாயிற்று. 2018 ஆகஸ்டில் நீர்மட்டம் ஏறி நடுராத்திரி மதகைத் திறந்தபோது, மைக் வைத்து எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். "அணை ஒடையும்னு நான் சொல்லல அய்யா. பெரிய பெரிய ஆளுங்க பாத்து பலமா இருக்குன்னு சொல்லியிருக்காங்க. ஆனா மழை நிக்காம அடிச்சா தூக்கம் வராது. அவ்வளவுதான்."

அய்யா கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது. பேப்பரில் 130, 135, 140 என்று ஏற ஏற எங்கள் வீட்டில் சந்தோஷம் ஏறும். அதே எண்ணைப் பார்த்து மூட்டை கட்டுகிற வீடு ஒன்று இருக்கிறது, அதுவும் தமிழ் பேசுகிற வீடு, என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை. அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். அய்யா அவர் போன் நம்பரை என்னிடம் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார்.

மறுநாள் காலைப் படகுக்கு ஐந்தரை மணிக்கே கிளம்பி வரிசையில் நின்றேன். நம் வண்டியை ஆனவச்சால் நிறுத்தத்தில் விட்டுவிட்டு, அங்கிருந்து அவர்கள் விடும் பேருந்தில்தான் படகுத்துறைக்குப் போகவேண்டும். நுழைவுக்குத் தனிக்கட்டணம், படகுக்குத் தனிக்கட்டணம். அடையாள அட்டையை எடுத்துப்போங்கள், முடிந்தால் படகு டிக்கெட்டை ஊரிலிருந்தே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். துறைக்குப் படி இறங்கவேண்டும், மூட்டுவலிக்காரர்களுக்குச் சிரமம். உயிர்காக்கும் ஜாக்கெட்டைக் கழற்றக்கூடாது, படகு போகும்போது எழுந்து ஒரு பக்கமாகப் போய் நிற்கக்கூடாது என்பதில் கண்டிப்பாக இருக்கிறார்கள். 2009 செப்டம்பர் 30-ல் இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். அய்யா ஒருமுறை எழுந்தபோது ஊழியர் அதட்டினார், நான் அவருக்கு நன்றிதான் சொன்னேன்.

மற்றவர்கள் யானையையும் மிளாவையும் தேடினார்கள். அய்யா தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பட்ட மரங்களையே பார்த்தார். கறுத்த மொட்டை மரங்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்து உட்கார்ந்திருந்தது. 1895-ல் தண்ணீர் ஏறியபோது மூழ்கின காட்டின் மரங்கள் அவை. நூற்று முப்பது வருஷமாக நின்றபடியே நிற்கின்றன. "இது காடாத்தான் இருந்துச்சாக்கும்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் படகு திரும்பியது.

இறங்கும்போது குமுளிப் பாதை திறந்திருந்தது. லோயர்கேம்பில் மண்டபம் அமைதியாக இருந்தது. முந்தின நாள் பொங்கல் வைத்த கல் அடுப்புகள் கரியோடு கிடந்தன, சிலையின் கழுத்தில் மாலைகள் வாடியிருந்தன. 2013-ல் திறந்த மண்டபம், உள்ளே அந்தக் காலத்துப் படங்கள் இருக்கின்றன. அய்யா ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்றார். அணையை அவர் பார்த்தது அந்தப் படத்தில்தான். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால், மலை உச்சியிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் நான்கு ராட்சதக் குழாய்கள். சுரங்கம் தாண்டி வந்த தண்ணீர் அதற்குள்தான் வருகிறது. மின்சாரம் எடுத்த பிறகு ஆறாக ஓடுகிறது. பாலத்துக்குக் கொஞ்சம் கீழே, ஜனங்கள் குளிக்கும் இடமாகப் பார்த்து, உள்ளூர் ஆளிடம் கேட்டுக்கொண்டு அவரை இறக்கினேன். இதைச் சொல்லியாகவேண்டும், அங்கே தண்ணீரின் அளவு திடீரென்று கூடும், இழுப்பும் அதிகம். படியை விட்டு உள்ளே போகாதீர்கள், குழந்தைகளை விடவே விடாதீர்கள். அய்யா குனிந்து இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். பனி மாதிரிக் குளிர்ந்திருந்தது. "நம்ம வயலுக்கு வரும்போது இது வெந்நியா இருக்கும் தாயி" என்று சொன்னபோதுதான் இரண்டு நாளில் முதல்தடவையாகச் சிரித்தார்.

கணக்குப் பார்த்தேன். கார் 8,500, ரூம் 3,600, ஜீப் 3,000, படகும் நுழைவும் பெர்மிட்டும் சேர்த்து ஆயிரத்துக்குச் சொச்சம், சாப்பாடு 1,500. கொண்டுபோன 18,000-ல் முந்நூறு ரூபாய்தான் மிச்சம். ஜீப்பும் ரூமின் மூன்றில் இரண்டு பங்கும் என் தெரியாத்தனத்துக்குக் கொடுத்த விலை. இப்போது யாராவது கேட்டால் நான் வேறு மாதிரி போகச் சொல்வேன். தண்ணீர் போகும் வழியிலேயே எதிர்த்துப் போங்கள். மேலூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ கிளம்பினால் முதலில் பேரணை, பெரியாறு பிரதானக் கால்வாய் பிரிகிற இடம். அடுத்து ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் வைகை அணை, 1959-ல் திறந்தது, 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம், பூங்காவோடு பொதுமக்கள் தாராளமாகப் பார்க்கலாம். பிறகு கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக வயல்கள், கடைசியில் லோயர்கேம்ப். மண்டபம், குழாய்கள், ஆறு. வயதானவர்களுக்கு இது ஒருநாள் பயணத்துக்குச் சரியாக இருக்கும், எல்லை தாண்டவே வேண்டாம். ஏரியையும் பார்க்க ஆசை என்றால் பிப்ரவரியிலோ, மழை விட்ட செப்டம்பரிலோ, வாரநாளில், படகு டிக்கெட் கையில் வைத்துக்கொண்டு மலை ஏறுங்கள். அணையைப் பார்க்க முடியாது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பெரியவர்களிடம் சொல்லிவிடுங்கள். அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அய்யா வந்திருப்பார், ஆனால் அந்தக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கமாட்டார்.

அடுத்த ஆடியில் மலையில் நல்ல மழை. பேப்பரில் நீர்மட்டம் நாளுக்கு ஒரு அடி, இரண்டு அடி என்று ஏறிக்கொண்டிருந்தது. அய்யா வழக்கம்போல முதலில் அதைத்தான் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்த டீக்கடைத் தம்பிக்கு ஒரு போன் போடு" என்றார். போட்டுக் கொடுத்தேன். மழைச் சத்தத்தில் அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, அய்யா சத்தமாகக் கேட்டார்: "தம்பி, மேலூர்லருந்து பேசுறேன். ராத்திரி தூங்குனீங்களா?"